பைதானின் ஸோன்இன்ஃபோ: கணக்குச் சரி, ஆனால் வாய் திறக்காது

நல்லூரில் இருந்து ஓர் ஆசிரியர் சனிக்கிழமை மாலை 5:30க்கு இணையவழியில் மிருதங்கம் படிப்பிக்கிறார் என்று வையுங்கள். உலகப் பொது நேரமான யூடிசியில் அது நண்பகல் 12:00. லண்டன் பிள்ளைக்குக் கோடையில் பகல் 1 மணி, குளிர்காலத்தில் 12 மணி. ரொறன்ரோப் பிள்ளைக்குக் கோடையில் காலை 8, குளிர்காலத்தில் 7. சிட்னியில் இரவு 10, அங்கே கோடை பிறந்தால் 11. 2026இல் ரொறன்ரோ மாறுவது மார்ச் 8, லண்டன் மார்ச் 29, சிட்னி ஏப்ரல் 5. மறுபடி மாறும்போது சிட்னி ஒக்டோபர் 4, லண்டன் ஒக்டோபர் 25, ரொறன்ரோ நவம்பர் 1. யாழ்ப்பாணத்து மணிக்கூடு மட்டும் அசையாது. ஒன்பதரையைக் கழி, நாலரையைக் கழி என்று எண்ணை நேரடியாக நிரலில் எழுதி வைத்தவர்களின் செயலி வருடத்தில் ஆறு தரம் ஏதோ ஓர் ஊர்ப் பெற்றாரிடம் பேச்சு வாங்குவது இதனால்தான்.

இந்த வேலைக்குப் பைதானோடு சேர்ந்தே வருகிற கருவி ஸோன்இன்ஃபோ. 2020 ஒக்டோபரில் வெளியான 3.9 பதிப்பில் சேர்க்கப்பட்டது. எழுதியவர் போல் கன்ஸில்; வடிவமைப்பு ஆவணம் பெப் 615. காசு இல்லை, தனியாக இறக்கவும் தேவையில்லை, விண்டோஸ்காரருக்கு மட்டும் ஒரு சின்ன வேலை இருக்கிறது, அதைக் கீழே சொல்கிறோம். இன்னும் 3.8இலேயே நிற்பவர்களுக்கு இதே சாமான் பாக்போர்ட்ஸ் ஸோன்இன்ஃபோ என்ற பெயரில் தனிப் பொதியாகக் கிடைக்கும். ஆனால் அந்தப் பதிப்புக்கு ஆதரவு முடிந்துவிட்டது, பைதானையே ஏற்றிவிடுவது நல்லது.

புதிதாகத் தொடங்கும் எந்த வேலைக்கும் இதையே எடுக்கலாம் என்பது எங்கள் கருத்து. இதே வேலைக்கான பழைய லைப்ரரி பைடிஸெட்டை விட எழுதுவது சுலபம், பிழை விடுவது கடினம். ஒரே ஒரு பெரிய குறை: இல்லாத நேரத்தைக் கொடுத்தாலும், ஒரே இரவில் இரண்டு தரம் வந்துபோன நேரத்தைக் கொடுத்தாலும் இது ஒரு சொல் சொல்லாது. ஏதோ ஒரு விடையைத் தந்துவிட்டுப் பேசாமல் இருக்கும். மற்றச் சில லைப்ரரிகளில் கேட்டால் சிவப்பாக வரும் பிழைச் செய்தி இதில் வராது என்பதைத் தெரிந்துகொண்டே பாவிக்க வேண்டும்.

கொழும்பு வலயத்துக்குள் என்ன கிடக்கிறது

ஸோன்இன்ஃபோ தன்னிடம் ஒரு தரவும் வைத்திருப்பதில்லை. இணையத்தின் பெயர், எண் பதிவுகளைப் பார்க்கும் அமைப்பான ஐயானா 2011 முதல் பேணிவரும் நேர வலயத் தரவுத்தளத்தைத்தான் அது வாசிக்கிறது. ஆதர் டேவிட் ஓல்சன் தொடங்கி, போல் எகர்ட் ஒருங்கிணைத்து வரும் தரவு அது. லினக்ஸும் மக்கும் அன்ட்ரொயிடும் நம்பியிருப்பதும் அதையே. இலங்கைக்கு அதில் ஒரே ஒரு பெயர்: ஏசியா/கொலம்போ. ஏசியா/ஜவ்னா என்று போட்டால் ‘ஸோன்இன்ஃபோ நொட் ஃபவுண்ட்’ என்ற பிழைதான் வரும். யாழ்ப்பாணமும் மட்டக்களப்பும் காலியும் கொழும்புக்குள் அடக்கம்.

அந்த ஒரு பெயருக்குள் இருக்கும் வரலாறு பலருக்குத் தெரியாது. 1880 வரை கொழும்பின் சூரிய நேரம், யூடிசிக்கு 5:19:24 முன்னே. பிறகு 1906 வரை மொறட்டுவை நேரம், 5:19:32. 1906இல் இருந்து 5:30. இரண்டாம் உலகப் போரில் 1942 ஜனவரி 5 முதல் 6:00, அதே ஆண்டு செப்டெம்பரில் 6:30, 1945 ஒக்டோபர் 16 அதிகாலை 2 மணிக்குத் திரும்பவும் 5:30. பிறகு அரை நூற்றாண்டு ஒரு மாற்றமும் இல்லை. 1996 மே 25 பிறந்த நள்ளிரவில், மின்சார நெருக்கடியைக் காரணம் காட்டி ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளினார்கள்: 6:30. அதே ஆண்டு ஒக்டோபர் 26 இரவு 12:30க்கு அரை மணித்தியாலம் பின்னுக்கு: 6:00. கடைசியாக 2006 ஏப்ரல் 15 இரவு 12:30க்கு, சித்திரைப் புத்தாண்டு முடிந்த கையோடு, இன்னோர் அரை மணித்தியாலம் பின்னுக்கு வந்து 5:30.

‘இலங்கை எப்பவும் ஐந்தரைதானே, இதற்கு ஏன் ஒரு லைப்ரரி’ என்று கேட்பவர்கள் பார்க்க வேண்டியது இந்தப் பத்து வருடத்தை. நிலையான 5:30 ஒஃப்செட் (யூடிசியோடு உள்ள வித்தியாசம்) போட்ட நிரலும், இந்தியப் பாடத்தில் இருந்து எடுத்த ஏசியா/கொல்கத்தா போட்ட நிரலும் இன்றைய திகதிக்கு ஒரு வித்தியாசமும் காட்டாது. 1996 மே மாதத்துக்கும் 2006 ஏப்ரலுக்கும் இடைப்பட்ட திகதியைக் கொடுத்தால் அரை மணித்தியாலமோ ஒரு மணித்தியாலமோ பிசகும். அந்தப் பத்து வருடத்தில் பிறந்த பிள்ளைகளுக்குத்தான் இப்போது சம்பந்தம் பேசிக்கொண்டிருக்கிறோம்.

சாதகம் கணிக்கும் செயலி எழுதுபவருக்கு இது சின்ன விடயம் அல்ல. பூமி 4 நிமிடத்துக்கு ஒரு பாகை சுழல்கிறது. அரை மணித்தியாலம் பிசகினால் உதயமாகும் புள்ளி ஏறத்தாழ ஏழரைப் பாகை நகரும். ஓர் இராசி முப்பது பாகை என்பதால், சராசரியாக நாலு சாதகத்தில் ஒன்றுக்கு லக்கினமே மாறிப்போகும். 1996இன் அந்த ஐந்து மாதத்தில் பிசகு ஒரு மணித்தியாலம், அதாவது பதினைந்து பாகை. இரண்டில் ஒன்று மாறும். வாக்கியமா திருக்கணிதமா என்று சண்டை பிடிக்க முதல் இதைச் சரிபார்ப்பது நல்லது.

இதிலும் எங்கள் பக்கத்துக்கென்று ஒரு சிக்கல் உண்டு. விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த பகுதிகள் 1996 மாற்றத்தை ஏற்கவில்லை. அங்கே மணிக்கூடு இந்திய நேரத்திலேயே ஓடியது. 2002இல் ஏ9 பாதை திறந்தபின் முகமாலையைத் தாண்டிப் போய்வந்தவர்கள் அரை மணித்தியாலத்தைக் கூட்டிக் குறைக்க வேண்டியிருந்தது அதனால்தான். தரவுத்தளத்தில் அந்தப் பகுதிக்குத் தனிப் பெயர் இல்லை. ஆனால் அதன் ஆசிய நாடுகளுக்கான கோப்பின் குறிப்புகளில், அங்கே வாழ்பவர்கள் ஏசியா/கொல்கத்தாவைப் பாவிக்கலாம் என்று எகர்ட் 2006லேயே எழுதி வைத்திருக்கிறார். ஸோன்இன்ஃபோ குறிப்புகளை வாசிக்காது. ஆகவே முடிவு உங்கள் படிவத்தில்தான் இருக்க வேண்டும்.

ஓர் உதாரணத்தைக் கிட்டப் பார்ப்போம். 1999இல் பிறந்த ஒருவர் பிறந்த நேரம் காலை 6:10 என்கிறார். வன்னி மணிக்கூட்டில் பார்த்த நேரம் என்றால் யூடிசியில் 0:40. யாழ்ப்பாண நகரத்திலோ கொழும்பிலோ பார்த்த நேரம் என்றால் 0:10. பிறந்த மாவட்டத்தை மட்டும் கேட்டு இதைத் தீர்க்க முடியாது, ஏனென்றால் அந்தப் பத்து வருடத்தில் கட்டுப்பாட்டு எல்லையே பல தரம் நகர்ந்தது. 1996 மே 25இல் இருந்து 2006 ஏப்ரல் 14 வரையான திகதி வந்தால் மட்டும் ‘பழைய நேரமா, புது நேரமா’ என்று ஒரு தெரிவு திறக்கட்டும். பழையது என்றால் கொல்கத்தா, புதியது என்றால் கொலம்போ. எந்தத் தெரிவு எடுக்கப்பட்டது என்பதையும் பதிவோடு சேர்த்து வையுங்கள். பின்னுக்கு யாரும் கேட்டால் சொல்ல வேண்டி வரும்.

பைடிஸெட்டோடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால்

பழைய நிரல்களில் இன்னும் பைடிஸெட்தான் ஓடுகிறது. அதில் உள்ள பிரபலமான பொறி இது: திகதியையும் நேரத்தையும் வைத்திருக்கும் பைதானின் டேட்டைம் பொருளை உருவாக்கும்போதே டிஸெட்இன்ஃபோ என்ற இடத்தில் கொழும்பு வலயத்தைக் கொடுத்தால் ஒஃப்செட் 5:30 ஆக வராது, 5:19 ஆக வரும். காலை 9:00 மணிச் சந்திப்பு யூடிசியில் 3:30க்குப் பதிலாக 3:41 ஆகப் பதிவாகும். பதினொரு நிமிடப் பிசகு. யாரும் உடனே கவனிக்க மாட்டார்கள், நினைவூட்டல் பிந்தி வருகிறது என்று மட்டும் முறைப்பாடு வரும். இந்திய வலயம் போட்டிருந்தால் 5:53, பிசகு 23 நிமிடம், அதுவும் மறுபக்கத்துக்கு. லொக் கோப்பில் 5:19ஐயோ 5:53ஐயோ கண்டால் வேறெங்கும் தேட வேண்டாம், நோய் இதுதான்.

காரணம் அதன் கட்டமைப்பு. பைடிஸெட்டில் ஒரு வலயம் என்பது பல நிலையான ஒஃப்செட்களின் கட்டு. திகதியைப் பார்த்துச் சரியானதைப் பொறுக்கும் வேலையை லோக்கலைஸ் என்ற மெதட்டும், கூட்டிக் கழித்தபின் திருத்தும் வேலையை நோர்மலைஸும் செய்கின்றன. இரண்டையும் அழைக்காமல் விட்டால், கட்டில் முதலாவதாக இருக்கிற பத்தொன்பதாம் நூற்றாண்டுச் சூரிய நேரமே கையில் வரும். ஸோன்இன்ஃபோவில் இந்தச் சடங்கு இல்லை. வலயத்தை நேரடியாக டிஸெட்இன்ஃபோவில் கொடுக்கலாம்; ஒஃப்செட் என்ன என்று கேட்கும் ஒவ்வொரு தரமும் அது திகதியைப் பார்த்தே விடை சொல்லும்.

இன்னொரு முன்னேற்றம் 2037க்குப் பிறகு தெரியும். பைடிஸெட்டின் மாற்றப் பட்டியல் அந்த ஆண்டோடு நின்றுவிடுகிறது. 2040 யூலை மாதத்து லண்டன் நேரத்தைக் கேட்டால் குளிர்கால நேரத்தையே தரும். ஸோன்இன்ஃபோ கோப்பின் கடைசியில் எழுதியிருக்கும் பொது விதியையும் வாசிப்பதால் கோடை நேரத்தைச் சரியாகத் தருகிறது. நீண்டகாலக் கடன் அட்டவணை, காப்புறுதி போன்றவற்றுக்கு இது போதிய காரணம்.

மாற்றுவது கடினம் அல்ல. லோக்கலைஸ் வரும் இடங்களில் ரீப்ளேஸ் போட்டு டிஸெட்இன்ஃபோவைக் கொடுங்கள், நோர்மலைஸ் வரிகளை அழியுங்கள். ஆனால் அந்த வலயப் பொருள் எங்கே உருவாகிறது என்பதை முதலில் மாற்ற வேண்டும். பைடிஸெட் வலயத்தை வைத்துக்கொண்டு லோக்கலைஸை மட்டும் ரீப்ளேஸாக மாற்றினால் மேலே சொன்ன 5:19ஐ நீங்களே கூப்பிட்டு வீட்டுக்குள் விட்டதாக முடியும். ஜாங்கோ என்ற வலைத்தளக் கட்டமைப்பைப் பாவிப்பவர்களுக்குத் தெரிவே இல்லை: 2021 டிசெம்பரில் வந்த 4.0 ஸோன்இன்ஃபோவை இயல்பாக்கியது, 2023 டிசெம்பரில் வந்த 5.0 பைடிஸெட் ஆதரவை எடுத்தேவிட்டது.

ரீப்ளேஸையும் ஏஎஸ்டைம்ஸோனையும் குழப்புவது இரண்டு லைப்ரரிக்கும் பொதுவான வியாதி. ரீப்ளேஸ் முள்ளைத் தொடாது. ‘இது கொழும்பு நேரம்’ என்று பெயர்ச்சீட்டை மட்டும் ஒட்டும். ஏஎஸ்டைம்ஸோன் அதே கணத்தை இன்னொரு ஊரின் மணிக்கூட்டில் காட்டும். பெயர்ச்சீட்டே இல்லாத நேரத்துக்கு ஏஎஸ்டைம்ஸோனை அழைத்தால் பைதான் கணினியின் சொந்த வலயத்தை எடுத்துக்கொள்ளும். மடிக்கணினி கொழும்பு நேரத்தில் ஓடுவதால் யாழ்ப்பாணத்தில் சோதிக்கும்போது எல்லாம் சரி. யூடிசியில் ஓடும் சேர்வரில் ஏற்றியதும் ஐந்தரை மணித்தியாலம் பிழை. யூடிசிநவ் என்ற பழைய மெதட்டும் பெயர்ச்சீட்டு இல்லாத நேரத்தையே தருகிறது, 3.12இல் இருந்து அதைக் கைவிடச் சொல்லி எச்சரிக்கிறார்கள். நவ் மெதட்டுக்கு யூடிசியைக் கொடுத்து அழைப்பதே சரி.

கூட்டல் கழித்தல்

இங்கேதான் அனுபவசாலிகளும் சறுக்குகிறார்கள். ரொறன்ரோவில் 2026 மார்ச் 7 இரவு 10 மணிக்கு எட்டு மணித்தியால வேலை தொடங்குகிறது. ஸோன்இன்ஃபோ வலயத்தோடு இருக்கும் அந்த நேரத்துக்கு எட்டு மணித்தியாலத்தைக் கூட்டினால் காலை 6:00 என்று வரும். அன்று அதிகாலை 2 மணி நேராக 3க்குத் தாவியதால் உண்மையில் வேலை முடிவது 7:00. கழித்தலும் அப்படியே: இரவு 10இல் இருந்து காலை 7 வரை எவ்வளவு என்று கேட்டால் 9 மணித்தியாலம் என்னும், வேலை செய்தது 8.

இதைவிட மோசமானது, ஒரு நேரம் ரொறன்ரோவிலும் மற்றது லண்டனிலும் இருந்தால் அதே கழித்தல் சரியாக வரும். இரண்டும் ஒரே வலயப் பொருள் என்றால் பைதான் முள்ளை மட்டும் பார்க்கிறது, வேறு வேறு என்றால் யூடிசிக்கு மாற்றிவிட்டுக் கழிக்கிறது. இது டேட்டைமின் பழைய முடிவு, ஸோன்இன்ஃபோவின் குற்றம் அல்ல. ஆனால் சம்பளக் கணக்கில் ஒரு மணித்தியாலம் கூடிப்போனால் முதலாளி அந்த வித்தியாசத்தைக் கேட்கப் போவதில்லை.

எதை எப்போது செய்வது என்பதற்கு வழி இருக்கிறது. கால அளவு வேண்டுமென்றால் முதலில் யூடிசிக்கு மாற்றி, அங்கே கூட்டிக் கழித்து, பிறகு ஊர் நேரத்துக்குக் கொண்டுவாருங்கள். ‘அடுத்த சனிக்கிழமை இதே நேரம்’ என்ற நாட்காட்டிக் கணக்கென்றால் ஊர் நேரத்திலேயே நாளைக் கூட்டுங்கள். அங்கே முள்ளை மட்டும் பார்ப்பதுதான் வேண்டியது.

வராத நேரமும் இரண்டு தரம் வந்த நேரமும்

2006 ஏப்ரல் 15 இரவு 12:15 இலங்கையில் இரண்டு தரம் வந்தது. முதல் தரம் 6:00 ஒஃப்செட்டில், அரை மணித்தியாலம் கழித்து 5:30இல். எதைச் சொல்கிறோம் என்று காட்டத்தான் 3.6 பதிப்பில் ஃபோல்ட் என்ற குறி வந்தது. 0 என்றால் முதல் தரம், 1 என்றால் இரண்டாம் தரம். ஒன்றும் சொல்லாவிட்டால் 0. யூடிசியில் முதலாவது ஏப்ரல் 14, 18:15, இரண்டாவது 18:45. ஸோன்இன்ஃபோ இரண்டையும் பிழையில்லாமல் தருகிறது, யூடிசியில் இருந்து திரும்பி வரும்போது ஃபோல்டையும் தானே வைக்கிறது. ஆனால் படிவத்தில் இருந்து வெறும் 12:15 வந்தால் இரண்டில் எது என்று அது கேட்கப் போவதில்லை.

மறுபக்கம், 1996 மே 25 இரவு 12:30 என்ற நேரம் இலங்கையில் வரவே இல்லை. 12இல் இருந்து நேரே 1 மணிக்குப் போய்விட்டது. ஸோன்இன்ஃபோவுக்கு அதைக் கொடுத்துப் பாருங்கள். மறுப்பே இல்லாமல் பழைய ஒஃப்செட்டால் கழித்து மே 24, 19:00 யூடிசி என்று தரும். அதைத் திரும்பக் கொழும்புக்கு மாற்றினால் 1:30 ஆகிவிடும். பைடிஸெட்டில் லோக்கலைஸை அழைக்கையில் இஸ்டிஎஸ்டி என்ற இடத்தில் ‘நன்’ (ஒன்றுமில்லை) என்று கொடுத்தால் இரண்டு சந்தர்ப்பத்திலும் பிழை எறியும். இந்த ஒரு விடயத்தில் பழசுதான் மேல் என்று ஒத்துக்கொள்ள வேண்டும்.

குறையை நிரப்ப இரண்டே சோதனை போதும். ஃபோல்ட் 0 வைத்தும் 1 வைத்தும் ஒஃப்செட்டைக் கேளுங்கள். ஒன்றாக இருந்தால் பயமில்லை. வேறாக இருந்தால் யூடிசிக்கு மாற்றித் திரும்பவும் ஊர் நேரத்துக்குக் கொண்டுவந்து பாருங்கள். முள் முன்பிருந்த இடத்துக்கே வந்தால் இரண்டு தரம் வந்த நேரம். இடம் மாறினால் வராத நேரம். பத்து வரிக்குள் எழுதி, படிவம் வரும் வாசலில் ஓர் இடத்தில் வைத்தால் போதும். எழுதப் பஞ்சியாக இருந்தால் டேட்யூட்டில் என்ற லைப்ரரியில் இதே வேலையைச் செய்யும் இரண்டு செயற்கூறுகள் உண்டு, அவை ஸோன்இன்ஃபோ வலயங்களோடும் வேலை செய்யும். நாலு ஊர்ப் பிள்ளைகள் படிக்கும் வகுப்புக்கு இது தேவைப்படாது என்று நினைக்க வேண்டாம்: 2026 ஒக்டோபர் 25 அதிகாலை 1:30 லண்டனில் இரண்டு தரம் வரும், அது யாழ்ப்பாணத்தில் காலை 6:00உம் 7:00உம்.

நிறுவலும் புதுப்பித்தலும்

விண்டோஸில் ஐயானாத் தரவு கிடையாது. நேரடியாக ஓட்டினால் ஏசியா/கொலம்போ என்ற பெயரே தெரியாது என்று நிற்கும். பைதானின் பொதி நிறுவியான பிப் மூலம் டிஸெட்டேட்டா பொதியை நிறுவினால் தீரும். சில மெலிந்த டொக்கர் படிமங்களிலும் இதே கதை. அங்கே கணினியின் டிஸெட்டேட்டாவைப் போடலாம், அல்லது பிப் பொதியைத் தேவைப் பட்டியலில் எழுதிவிடலாம். எழுதிவிடுவதே நல்லது, யார் எதில் ஓட்டினாலும் வேலை செய்யும்.

ஆனால் கவனம்: ஸோன்இன்ஃபோ முதலில் தேடுவது கணினியின் தரவை. அது இல்லாவிட்டால்தான் பிப் பொதியிடம் வரும். சேர்வரில் பழைய தரவு கிடக்கையில் பிப் பொதியை எத்தனை தரம் புதுப்பித்தாலும் விடை மாறாது. பைதான்டிஸெட்பாத் என்ற சூழல் மாறியை வெறுமையாக வைத்தால் கணினியைத் தாண்டிப் பொதியை மட்டும் பார்க்கும். இன்னொன்று, ஒரு தரம் வாசித்த வலயத்தை அது நினைவில் வைத்துக்கொள்கிறது. தரவை ஏற்றியபின் செயலியை நிறுத்தித் தொடங்காவிட்டால் பழையதே ஓடும்.

புதுப்பிக்கத்தான் வேண்டுமா என்றால், ஆம். 2022 ஒக்டோபரில் மெக்சிகோ கோடை நேரத்தைக் கைவிட்டது, ஜோர்தான் அதையே நிரந்தரமாக்கியது. 2023 ஏப்ரலில் எகிப்து கைவிட்டதைத் திரும்ப எடுத்தது. 2024 மார்ச் 1இல் கசகஸ்தான் முழு நாட்டையும் 5:00க்குக் கொண்டுவந்தது. சில அரசாங்கங்கள் இதற்கு அதிக அவகாசமும் தருவதில்லை.

பெயர்களில் சின்ன எழுத்து, பெரிய எழுத்து வித்தியாசம் லினக்ஸில் முக்கியம். யூஎஸ்/ஈஸ்டர்ன் போன்ற பழைய பெயர்கள் உபுண்டுவின் புதிய பதிப்புகளில் டிஸெட்டேட்டா லெகசி என்ற தனிப் பொதிக்குப் போய்விட்டன. அமெரிக்கா/நியூயோர்க் என்று எழுதிப் பழகுங்கள். குரோம் உலாவி இந்தியாவுக்கு இன்றும் ஏசியா/கல்கட்டா என்று அனுப்புவதுண்டு, அதைச் சேர்வரில் கொல்கத்தாவாக மாற்றிவிட்டுத் தேடுவது பாதுகாப்பு. எட்சி/ஜிஎம்டி வகைப் பெயர்களைத் தொடவே வேண்டாம்: அதில் கழித்தல் 5 என்றால் யூடிசிக்கு ஐந்து மணித்தியாலம் முன்னே, அடையாளமே தலைகீழ், அரை மணித்தியாலக் கணக்கும் அதில் இல்லை.

எதைச் சேமிப்பது

நடந்து முடிந்தவற்றை யூடிசியில் வையுங்கள்: பணம் வந்த நேரம், உள்நுழைந்த நேரம், வகுப்பு தொடங்கிய நேரம். வரப்போகிறவற்றுக்கு அது போதாது. நல்லூர் ஆசிரியரின் வகுப்பு ‘சனி, 17:30, ஏசியா/கொலம்போ’ என்ற மூன்றாக இருக்க வேண்டும். யூடிசி அதிலிருந்து கணக்கிடப்படும் ஒன்று. ஆசிரியர் ரொறன்ரோவிலும் பிள்ளைகள் யாழ்ப்பாணத்திலும் என்றால் அமெரிக்கா/ரொறன்ரோவைப் போட வேண்டும், நவம்பர் வந்ததும் யாழ்ப்பாணப் பிள்ளைகள் ஒரு மணித்தியாலம் பிந்தி இருக்க வேண்டியதுதான். நேரம் யாருடைய ஊருக்குச் சொந்தம் என்பதை வாடிக்கையாளரிடம் கேட்காமல் நிரலர் தானே தீர்மானிப்பதில்தான் பாதிப் பிரச்சினை தொடங்குகிறது.

போஸ்ட்கிரெஸ் தரவுத்தளத்தில் நேர வலயத்தோடு கூடிய டைம்ஸ்டாம்ப் என்ற வகை, பெயரைக் கேட்டால் வலயத்தையும் வைத்திருக்கும் போலத் தோன்றும். வைத்திருக்காது. யூடிசிக்கு மாற்றிவிட்டு வலயத்தை எறிந்துவிடும். வலயப் பெயருக்கு அட்டவணையில் தனிக் கொலம் ஒதுக்குங்கள். மைஎஸ்கியூஎலில் கன்வர்ட்டிஸெட் செயற்கூறு வலயப் பெயருக்கு ‘நல்’ என்ற வெற்று மதிப்பைத் தந்தால் நிரலைக் குடைய வேண்டாம், சேர்வரில் வலய அட்டவணைகளை ஏற்றவில்லை என்று அர்த்தம். மலிவான பகிர்வு ஹோஸ்டிங்கில் அதை ஏற்ற அனுமதியும் கிடைக்காது, அங்கே மாற்றும் வேலையைப் பைதானிடமே விடுங்கள்.

திரையில் காட்டும்போது

நேரத்தோடு வலயச் சுருக்கத்தையும் அச்சிடச் சொன்னால் கோடையில் லண்டனுக்கு பிஎஸ்டி, ரொறன்ரோவுக்கு ஈடிடி என்று எழுத்து வரும். கொழும்புக்கு +0530 என்ற எண்தான் வரும். அது பழுது இல்லை. இலங்கை நேரத்துக்கென்று உலகம் ஒத்துக்கொண்ட சுருக்கம் ஒன்றும் இல்லாததால் தரவுத்தளத்தில் எண்ணையே வைத்திருக்கிறார்கள். ஐஎஸ்டி என்று நீங்களே ஒட்டிவிட வேண்டாம், இந்தியா, இஸ்ரேல், அயர்லாந்து மூன்றும் அதற்கு உரிமை கொண்டாடும். தமிழில் பெயர் வேண்டும் என்று பேபல் லைப்ரரியிடம் போனால் இன்னொரு வேடிக்கை: அது எடுக்கும் யூனிகோட் மொழித் தரவில் இன்றைய ஏசியா/கொலம்போ இந்தியாவோடு சேர்க்கப்பட்டிருப்பதால், இந்திய நேரம் என்ற பெயரே யாழ்ப்பாணத்து வாடிக்கையாளரின் திரையில் வந்து நிற்கும். ஐந்தாறு ஊருக்குத்தான் சேவை என்றால் ‘யாழ்ப்பாண நேரம்’, ‘ரொறன்ரோ நேரம்’ என்று வலயப் பெயருக்கு எதிரே உங்கள் சொந்தப் பட்டியலை எழுதி, பக்கத்தில் ஒஃப்செட்டைப் போடுங்கள். கிழமையின் பெயரையும் மறக்காமல் போடுங்கள்: யாழ்ப்பாணத்தில் ஞாயிறு காலை 8 என்றால் ரொறன்ரோவில் அது சனி இரவு.